கேமரா பிடிக்க ஓர் ஆள்

லென்ஸில் ஆவி படிந்திருந்தது.

வேறு யாராக இருந்தாலும் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். இவளும் துடைத்தாள். ஆனால் துடைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். சர்ஜரி படிக்கிற டாக்டர் இவள். லென்ஸில் எப்போது ஆவி படியும் என்பது தெரியும். குளிர்ந்த ஆபரேஷன் தியேட்டரில் கிடந்த கேமராக் குழாயை ஒரு மனுஷனுடைய வயிற்றுக்குள் விடும்போதுதான் படியும். உள்ளே இருக்கிற சூடும் ஈரமும் கண்ணாடியில் ஏறிக்கொள்ளும். அதற்காகவே குழாயை முதலில் வெந்நீரில் முக்கி எடுப்பார்கள். இங்கே வயிறு எங்கே இருக்கிறது? இருந்தது ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி. பெட்டிக்குள் ஒரு பலகை, பலகையில் வரிசையாக முளைகள், முளைகளில் மாட்டிய ரப்பர் வளையங்கள். பெட்டியின் பக்கத்து மூடியைத் திறந்து கையை விட்டுப் பார்த்தாள். ஜில்லென்றுதான் இருந்தது. குழாயை மறுபடி உள்ளே விட்டாள். திரையில் வளையங்கள் பளிச்சென்று தெரிந்தன. பிறகு ஓரத்திலிருந்து வெள்ளையாக, யாரோ கண்ணாடிக்கு மிகப் பக்கத்தில் வாயை வைத்து மெல்ல மூச்சு விட்டது மாதிரி, மூடிக்கொண்டு வந்தது.

ஏசியில் கோளாறு என்று முடிவு கட்டினாள். படித்தவர்களுக்கு எதற்கும் ஒரு காரணம் கைவசம் இருக்கும்.

அந்த அறை ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சலவைப் பகுதிக்கு அடுத்தாற்போல் இருந்தது. கிழிந்த மெத்தைகளைப் போட்டு வைத்திருந்த இடம். மெத்தைகளை அப்புறப்படுத்திவிட்டு, பெயர்ப் பலகை மாட்டி, பயிற்சிக்கூடம் ஆக்கிவிட்டார்கள். திறப்பு விழா போட்டோ இன்னும் வாசலில் தொங்குகிறது. பெரிய டாக்டர்கள் அத்தனை பேரும் பெட்டியைச் சுற்றி நின்று பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர்களில் ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஜன்னல் கிடையாது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் மத்தியானமா மாலையா என்பதை மறந்துவிட வேண்டியதுதான். சுவருக்கு அந்தப் பக்கம் துணி துவைக்கிற இயந்திரங்கள் பெருமூச்சு விட்டபடி சுற்றும்; தலைக்கு மேலே தண்ணீர்க் குழாய் நினைத்துக்கொண்டால் களகளவென்று செருமும்; சோப்பும் பிளீச்சிங் பவுடரும் சூடான ஈரத்துணியும் கலந்த ஒரு வாடை கதவிடுக்கு வழியாக வந்து சட்டையில் ஒட்டிக்கொள்ளும்.

இங்கே கற்றுக்கொள்கிற வித்தை இதுதான். வயிற்றைக் கிழிக்காமல் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, ஒரு துளை வழியாகக் கேமராவையும் மற்றவை வழியாக நுனியில் கவ்வுகிற வாய் உள்ள நீளக் கம்பிகளையும் விட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே ஆபரேஷன் செய்வது. கேட்க சுலபமாக இருக்கும். கை இடது பக்கம் போனால் உள்ளே கம்பியின் நுனி வலது பக்கம் போகும். கையைத் தாழ்த்தினால் நுனி எழும்பும். திரை தட்டையானது, எது கிட்டே, எது தள்ளி என்று தெரியாது. மனுஷ வயிற்றில் கை பழகக் கூடாது, பெட்டியில் பழகிவிட்டு வா, பரீட்சையில் தேறினால் கம்பியைத் தொடு என்று புதுச் சட்டம் போட்டிருந்தார்கள். நல்ல சட்டம்தான். ஒருவர் கேமராவைப் பிடிக்க, இன்னொருவர் கம்பிகளைப் பிடித்துப் பழக வேண்டும். அதனால் ஜோடி ஜோடியாக வருவார்கள்.

இவளுக்கு ஜோடி இல்லை.

இருந்தவன் செத்துப்போகவில்லை. இந்த மாதிரிக் கதையில் ஒருத்தன் செத்திருப்பான் என்று காத்திருக்கிறவர்கள் ஏமாறத்தான் வேண்டும். அவன் தோல் டிபார்ட்மென்டுக்கு மாற்றிக்கொண்டு போய், வேளைக்குச் சாப்பிட்டு, ராத்திரி தூங்கி, கன்னத்தில் சதை போட்டுவிட்டான். மிச்சப் பேர் இரண்டு இரண்டாகச் சேர்ந்துவிட்டார்கள். அதில் ஒரு ஜோடி, எங்கே போனாலும் ஒட்டிக்கொண்டே போகிற இரண்டு பையன்கள், அவர்களுக்கு ஜோடிப் புறா என்றே பெயர். இவளுக்கு வைத்த பெயர் ஸ்டாண்டு.

அந்தப் பெயருக்கு ஒரு நியாயம் இருந்தது. தியேட்டரில் ஒரு வருஷத்துக்கு மேலாக இவள் செய்ததெல்லாம் கேமரா பிடித்ததுதான். ஆடாமல், அசையாமல், படம் சாயாமல், கம்பி நுனியை எப்போதும் திரையின் நடுவில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பாள். கேமரா பிடிக்க இவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று டிபார்ட்மென்ட் சீஃப் எல்லார் எதிரிலும் சொல்வார். ஒரு வேலையை நன்றாகச் செய்துவிட்டால் அதோடு தொலைந்தோம். வேறு வேலை யாரும் தரமாட்டார்கள். போன தடவை பெட்டிப் பரீட்சையில் இவள் தோற்றபோது சீஃப்புக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்திருக்கலாம். இந்தத் தடவையும் போனால் வேறு டிபார்ட்மென்ட் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். குரலை உயர்த்தவில்லை. வார்டில் பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

வீட்டிலோ, என் பொண்ணு ஆபரேஷன் பண்றா என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஆபரேஷன் பண்ணுகிறவர் பக்கத்தில் நிற்கிறேன் என்று திருத்த இவளுக்கு வாய் வரவில்லை. ஒரு வருஷம் வராத வாய் இனிமேலா வரப்போகிறது?

ஆகவே தினமும் டியூட்டி முடிந்ததும் கீழே வருவாள். சாவி வைத்திருக்கிற லேப் அக்காவிடம் கையெழுத்துப் போடுவாள். அக்கா வாசல் நாற்காலியில் உட்கார்ந்து போனில் சீரியல் பார்த்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் உள்ளே கையைக் காட்டுவாள். கேமராவை இரும்புத் தாங்கியில் மாட்டி, திருகை இறுக்கி, ஸ்டாண்டு ஸ்டாண்டை நம்பிப் பழகும். தாங்கியில் மாட்டிய கேமரா ஒரே இடத்தைத்தான் பார்க்கும். ஒரு முளையிலிருந்து இன்னொரு முளைக்கு மாற்றுகிற வளையம் கைதவறி ஓரமாக உருண்டால் அவ்வளவுதான், கம்பியை வைத்து இருட்டில் துழாவ வேண்டும்.

ஆவி படிந்த அன்றைக்கும் ஒரு வளையம் தவறியது. உருண்டு, திரையின் ஓரத்தைத் தாண்டி மறைந்தது. இவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

படம் மெல்ல நகர்ந்தது. வளையத்தின் பின்னாலேயே போய், அதை நடுவுக்குக் கொண்டுவந்து, நின்றது.

திருகு தளர்ந்திருக்கும். போய்த் தொட்டுப் பார்த்தாள்; கல்லு மாதிரி இறுகியிருந்தது. தாங்கியின் கை இருந்த இடத்திலேயே இருந்தது. நகர்ந்தது படம் மட்டும்தான். இவள் நின்று அந்தத் தாங்கியைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் சீரியலில் யாரோ ஒரு மாமியார் அழுதுகொண்டிருந்தாள். சலவை இயந்திரம் சுற்றியது. பயந்து ஓட வேண்டிய இடம் அதுதான். நாமாக இருந்தால் ஓடியிருப்போம். இவள் கம்பிகளை எடுத்து அந்த வளையத்தைப் பிடித்தாள். பிடித்த கை போகிற இடமெல்லாம் படம் கூடவே வந்தது, அவசரப்படாமல், பிந்தாமல். ஒரு முளை கூடத் தவறவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு இவள் பக்கத்தில் ஓர் ஆள் நின்று, இவள் செய்வதைக் கவனித்துப் பார்த்திருக்கிறது. பயத்தைவிட அது பெரிதாகத் தெரிந்ததற்கு யாரைக் குற்றம் சொல்ல?

ஹாஸ்டல் அறையில் இரண்டு கட்டில். ஒன்றில் இவள், இன்னொன்றில் இவளுடைய துவைக்காத துணிகள். கேன்டீனில் ஜோடிப் புறா உட்கார்ந்த மேசைக்குப் போனால் பேச்சு நிற்காது, ஆனால் வேறு விஷயத்துக்குத் தாவிவிடும். அம்மா தினமும் போன் செய்வாள். சாப்பிட்டியா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல், எதிர்வீட்டுக்காரி மருமகளைப் பற்றி ஆரம்பித்துவிடுவாள். நாள் முழுக்க இவளிடம் கேள்வி கேட்கிறவர்கள் நோயாளிகள் மட்டும்தான். அவர்கள் கேட்பதும் பெரிய டாக்டர் எப்ப வருவாங்க என்றுதான்.

மறுநாள் மாலை கம்பியைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே படம் தயாராக நின்றது.

முதலில் பேச்சு பழக்கதோஷத்தில் வந்தது. தியேட்டரில் சீஃப் இவளிடம் சொல்வதெல்லாம் இவள் வாயிலும் ஊறியிருந்தது. "கொஞ்சம் பின்னாடி வாங்க" என்றாள். வந்தது. "இன்னும் கிட்ட." போனது. யாரென்று தெரியாத ஆளிடம் மரியாதையாகப் பேசுவதுதானே நல்ல வளர்ப்பு. ஒரு வாரம் போல வாங்க, போங்க என்றே நடந்தது. பிறகு அது வா, போ ஆனது. பிறகு வாடா ஆனது. கூடவே கதையும் பேசினாள். வார்டில் நடந்தது, சீஃப்பின் புதுக் கண்ணாடி, எதிர்வீட்டு மருமகள். சொல்லச் சொல்லப் படம் ஆடாமல் கேட்டது. சில சமயம் சிரிப்பு மூட்டுகிற இடத்தில் லேசாக ஆவி ஏறி இறங்கியது. அது மூச்சு என்று இவள் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. வேறு என்னவென்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

கை நன்றாகத் தேறியது. வளையம் தாண்டி, துணியில் வட்டம் வெட்டுவதைத் தாண்டி, ரப்பர்க் குழாயில் தையல் போட்டு முடிச்சுப் போடுகிற கடைசிப் பாடத்துக்கு வந்துவிட்டாள். லேப் அக்கா ஒரு நாள் கையெழுத்து வாங்கும்போது, "உள்ள யாரு டாக்டர், பேச்சு சத்தம் கேக்குது?" என்றாள். போன் என்று இவள் சொன்னாள். போன் இவளுடைய பையில், அக்காவின் மேசை மேலேயே இருந்தது. அக்கா பையைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், சீரியலைப் பார்த்தாள். அடுத்த நாளுக்குள் ஸ்டாண்டுக்கு ஆள் கிடைத்துவிட்டது, கீழ்த்தளத்தில் ரகசியமாகச் சந்திக்கிறார்கள் என்று நாலாவது மாடி வரைக்கும் செய்தி ஏறிவிட்டது. ஜோடிப் புறா, மாப்பிள்ளை யாரென்று நர்சுகளிடம் விசாரித்தது. இவளுக்கு அதில் வெட்கமும் ஒரு சின்னப் பெருமையும் சேர்ந்தே வந்ததென்றால் நம்பமாட்டீர்கள்.

ஆனால் அது பார்க்கிற விதம் மாறத் தொடங்கியிருந்தது.

வேலைக்கு நடுவே இவள் கையை ஆற்றிக்கொள்ள நிறுத்தினால், படம் தையலைவிட்டு நகர்ந்து கம்பியின் வாயருகே போகும். அந்தச் சின்ன இரும்பு வாய், அதன் உள்பக்கத்து வரிகள், அது திறந்து மூடுகிற கீல். மிகக் கிட்டே. திரை முழுக்க அதுவே. அங்கிருந்து கம்பியின் உடம்பு வழியாக மெல்ல ஊர்ந்து, அது பெட்டிக்குள் நுழைகிற துளை வரைக்கும் போகும். துளையின் விளிம்பில் கசிகிற வெளிச்சத்தை, அந்தப் பக்கம் இருக்கிற கைப்பிடியை, கைப்பிடியில் இருக்கிற இவளுடைய விரல்களை, பார்த்துக்கொண்டே இருக்கும். வா என்றால் வரும். முன்னைவிடக் கொஞ்சம் தாமதமாக.

அந்தப் பார்வை இவளுக்குப் புதிதில்லை. தியேட்டரில் சீஃப்பின் கைகளை ஒரு வருஷமாக இவள் அப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

பரீட்சைக்குச் சில நாள் இருக்கும்போது, பாதித் தையலில் அம்மாவின் போன் வந்தது. அன்றைக்குப் போன் உள்ளேயே இருந்தது. கம்பிகளைத் துளைகளிலேயே விட்டுவிட்டு, கையுறையைக் கழற்றி, ஸ்பீக்கரில் போட்டு, நாற்காலியில் சாய்ந்தாள். அம்மா எதிர்வீட்டு மருமகள் தனிக்குடித்தனம் போன கதையை ஆரம்பித்தாள். சாமான் ஏற்ற வந்த வண்டி, அதில் ஏறிய பீரோ, அதைப் பார்த்து மாமியார் விட்ட சாபம். இவள் உம் கொட்டிக்கொண்டே திரையைப் பார்த்தாள்.

வலது கம்பியின் வாய் திறந்தது.

கொஞ்சம்தான். ஒரு நூல் போகிற அளவு. மூடிக்கொண்டது. மறுபடி திறந்தது. இவள் கண்ணைத் திரையிலிருந்து எடுத்துப் பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியைப் பார்த்தாள். விரல் நுழைக்கிற வளையம், விரல் இல்லாமல், மெல்ல விலகி மெல்லச் சேர்ந்தது. விலகியது. சேர்ந்தது. திரையில் கம்பி நடுங்கிக்கொண்டே போய் நூலைப் பிடிக்கப் பார்த்தது. தவறியது. அடியில் இருந்த ரப்பரை டொக்கென்று குத்தியது. பின்வாங்கி, யோசித்து, மறுபடி போனது. மறுபடி குத்தியது. பெட்டிக்குள் கம்பி விட்ட முதல் நாள் இவளும் அப்படித்தான் குத்தினாள். எல்லாரும் அப்படித்தான் குத்துவார்கள்.

"என்னடி சத்தமே இல்ல?" என்றாள் அம்மா. "தனியாவா இருக்க?"

"ஆமாம்மா."

"தனியா இருக்காத. யாரையாவது கூட வெச்சுக்கோ."

டொக். டொக். ரப்பர்க் குழாய் ஓரத்தில் கிழிந்தது.

அன்றைக்கு ஓடினாள். பையை எடுக்காமல், அக்காவிடம் சொல்லாமல், படியேறி முதல் மாடி வராந்தாவில் நோயாளிகளின் சொந்தக்காரர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொள்வது வரவரக் கஷ்டமாக இருந்தது. மறுநாள் ஜோடிப் புறாவிடம் போய், யாராவது ஒருத்தர் எனக்குக் கேமரா பிடிக்க வருகிறீர்களா என்று கேட்டாள். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. உங்க ஆளு கோவிச்சுக்கமாட்டாரா என்று ஒன்று கேட்டது, மற்றது சிரித்தது. லேப் அக்காவிடம் கேட்டாள். என் வேலை சாவியோடு முடிந்தது என்று அக்கா சொல்லிவிட்டாள். தோல் டாக்டருக்குப் போன் செய்தாள். அவன் எடுத்தான், நன்றாகப் பேசினான், குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்றான். ஆஸ்பத்திரி முழுக்க இத்தனை ஜனம். ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் கூட நிற்க ஓர் ஆள் கிடைக்கவில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் மாலை வேறு வழியில்லாமல் இறங்கினாள்.

படம் அசையவில்லை. தாங்கியில் மாட்டிய கேமரா, தாங்கியில் மாட்டிய கேமராவாக இருந்தது. அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். ஊசி நழுவி ஓரத்துக்குப் போனது; துழாவினாள்; கிடைக்கவில்லை. மறுபடி ஆரம்பித்தாள். முடிச்சு அவிழ்ந்தது. மறுபடி. கை வியர்த்து, தோள் இறுகி, நேரம் காட்டுகிற கடிகாரம் கத்தி ஓய்ந்தது. அந்தக் கைத்திறன் இவளுடையது இல்லை, பாதி அதனுடையது. இப்போதுதான் புரிந்தது. நாளைக்குச் சீஃப் பார்ப்பார். பால் தீர்ந்துவிட்டது என்கிற அதே குரலில் சொல்வார். அம்மா தெருவில் என்ன சொல்வாள்? சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. குழாயும் செருமவில்லை. அவ்வளவு அமைதி அந்த அறையில் எப்போதும் இருந்ததில்லை.

"இருக்கியா?" என்றாள்.

கம்பிகளிலிருந்து கையை எடுத்தாள்.

"நாளைக்கு ஒரு நாள். எனக்காக."

திரையில் கம்பி வாய் அப்படியே திறந்து கிடந்தது. அதற்கு என்ன வேண்டும் என்று இவளுக்குத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? ஒரு வருஷமாக இவள் கேட்க ஏங்கிய ஒரே வாக்கியம் அது. தியேட்டரில் ஒழுங்காகக் கேமரா பிடித்தவர்களுக்கு என்றைக்காவது ஒரு நாள் பெரியவர் சொல்வார். சொன்ன அன்று அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். அந்தத் தொழிலில் அதுதான் கூலி, அதுதான் நன்றி. வேறு எந்த வேலை பார்க்கிறவளுக்கும் இப்படிச் சொல்லத் தோன்றியிருக்காது.

"நாளைக்கு முடியட்டும்" என்றாள். "அடுத்தது நீ பண்ணு. நான் கேமரா பிடிக்கிறேன்."

படம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நேரானது. ஊசி விழுந்து கிடந்த ஓரத்துக்கு நகர்ந்து, அதை நடுவில் வைத்துக்கொண்டு, காத்திருந்தது.

பரீட்சை காலையில் நடந்தது. ஒருவருக்கும் அனுகூலம் இருக்கக் கூடாதென்று எல்லாருக்கும் கேமரா தாங்கியில்தான். சீஃப் புதுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு எதிரே உட்கார்ந்தார். ஜோடிப் புறாவில் ஒன்று ஊசியைத் தொலைத்து, இன்னொன்று வளையத்தைத் தொலைத்து, இரண்டும் எப்படியோ கரையேறின. இவள் முறை வந்தது. படம் நகர்ந்ததை யாரும் பார்க்கவில்லை. அவ்வளவு நாசூக்காக நகர்ந்தது, கம்பி நுனி எப்போதும் நடுவில்தான் இருந்தது என்றே எல்லாருக்கும் தோன்றியது. முடிச்சு மேல் முடிச்சாக விழுந்தது. சீஃப் முன்னால் சாய்ந்தார். கடிகாரம் கத்துவதற்கு வெகுநேரம் முன்னாலேயே இவள் நூலை வெட்டிக் கம்பிகளை வெளியே எடுத்தாள்.

"ஏம்மா, இவ்வளவு நாள் எங்க ஒளிச்சு வெச்சிருந்த கையை?" என்றார். "நாளைக்கு முதல் கேஸ் நீ பண்ணு. நான் கேமரா பிடிக்கிறேன்."

இவளுக்குச் சிரிப்பு வர வேண்டும். அழுகையாவது வர வேண்டும். இரண்டும் வராமல் தலையை ஆட்டினாள். ஜோடிப் புறா கைகொடுத்தது. எல்லாரும் டீ குடிக்கக் கிளம்பினார்கள். வா என்று யாரும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. லேப் அக்கா, டாக்டர் கொஞ்சம் எல்லாத்தையும் அணைச்சுட்டு வந்துடுங்க என்று சொல்லிவிட்டு அவர்கள் பின்னாலேயே போனாள்.

இவள் ஓட்டமாக ஓடி முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். கம்பிகளைத் தட்டில் போட்டாள். பெட்டியின் பக்கம் பார்க்காமலேயே சுவரோரம் போய்த் திரையை அணைத்தாள். கடிகாரத்தை அணைத்தாள். அம்மாவுக்கு மேலே போய்ப் போன் செய்ய வேண்டும். இனி இந்த அறைக்குள் கால் வைக்க வேண்டியதில்லை. தேறியவர்களுக்கு இங்கே வேலை இல்லை. விளக்கை அணைக்கக் கையை நீட்டினாள்.

பின்னால் தாங்கியின் திருகு கிரீச்சென்றது.

திரும்பினாள். கல்லு மாதிரி இறுகியிருந்த திருகு தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. கேமரா தலைகுப்புறச் சரிந்தது. கண்ணாடிக் குழாய். தரையில் விழுந்தால் தூள்தான். யோசித்திருந்தால் விழட்டும் என்று விட்டிருப்பாள். யோசிக்கவில்லை. ஒரு வருஷப் பழக்கம். உடம்பு தாவியது.

பிடித்துவிட்டாள்.

கையில் அந்தக் கனம் வந்து உட்கார்ந்தது. குழாய் பெட்டியின் நடுத்துளையில் இருந்தது. அணைத்த திரை, எரிந்தது.

முளைகள் இல்லை. வளையங்கள் இல்லை. பலகை இல்லை.

இளஞ்சிவப்பாக, ஈரமாக, விளக்கு வெளிச்சத்தில் மினுமினுத்துக்கொண்டு, மடிப்பு மடிப்பாக. மஞ்சள் கொழுப்பு. மெல்லிய நீல ரத்தக்குழாய்கள். இவள் நூற்றுக்கணக்கான தடவை பார்த்த காட்சி. அது மேலே எழும்பியது. கீழே இறங்கியது. எழும்பியது. உயிரோடு இருக்கிற வயிறு. மூச்சு விடுகிற வயிறு. இவளுக்கு மூச்சு வாங்கியது; அது வேகமாக எழும்பி இறங்கியது. பயத்தில் மூச்சைப் பிடித்தாள்.

திரையில் எல்லாம் நின்றது.

விட்டாள். இறங்கியது.

குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். சட்டை. பொத்தான்கள். ரத்தம் இல்லை. துளை இல்லை. பெட்டி இடுப்போடு ஒட்டி நின்றது. அவ்வளவுதான்.

தட்டில் இரும்பு உரசியது.

இடது கம்பி எழும்பி, ஆடி ஆடி, துளையைத் தேடியது. தவறியது. தேடியது. நுழைந்தது. வலது கம்பி. அதுவும் நுழைந்தது. திரையின் இரண்டு ஓரத்திலிருந்தும் இரண்டு இரும்பு வாய்கள், நடுங்கிக்கொண்டு, ஆசையாக, உள்ளே வந்தன. எது கிட்டே எது தள்ளி என்று அவற்றுக்குத் தெரியவில்லை. இடது வாய் எதையோ பிடிக்கப் போய் பக்கத்துச் சதையில் குத்தியது.

தொப்புளுக்குப் பக்கத்தில். உள்ளே. சுரீர்.

கத்த வாயைத் திறந்தாள். வயிறு குலுங்கியது, திரையில் எல்லாம் குலுங்கியது, கம்பி வழுக்கி இன்னொரு இடத்தில் குத்தியது. வாயை மூடிக்கொண்டாள்.

கேமராவைப் போட்டுவிட்டு ஓடு என்று ஒரு மனசு சொன்னது. கை விடவில்லை. விட்டால் படம் போகும். படம் போனால் கம்பி நிற்காது. கண் தெரியாமல் துழாவும். இருட்டில் துழாவுவது எப்படி இருக்கும் என்று இவளுக்குத் தெரியும்.

வராந்தாவில் யாருடைய காலடியும் இல்லை.

இரண்டு கையாலும் பிடித்தாள். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டாள். மூச்சைச் சின்னதாக்கினாள். இன்னும் சின்னதாக. படத்தை நேராக்கினாள். நுனியை நடுவுக்குக் கொண்டுவந்தாள்.

இடது வாய் ஒரு மடிப்பைக் கவ்வி மெல்லத் தூக்கியது. வலது வாய் அகலத் திறந்து, தவறி, பின்வாங்கி, யோசித்து, மறுபடி வந்தது. படம் ஆடவில்லை. சாயவில்லை. அது போன இடமெல்லாம், அவசரப்படாமல், பிந்தாமல், கூடவே போனது.